வெயில் குறையும்வரை

அக்காவிடம் "வர்றீங்களா?" என்று கேட்டால் உடனே பதில் வராது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைத் தரையில் போட்டு, உள்ளே ஏதோ அலமாரியைத் திறந்து பார்ப்பவர் மாதிரி நிற்பார். கேட்டவர் பொறுமை இழந்து இன்னொரு தடவை கேட்பார். அப்புறம்தான் "வர்றேன்" என்பார், இல்லாவிட்டால் "இல்லம்மா, முடியாது" என்பார். பினாங்கில் இரண்டுமே அபூர்வம். நாங்கள் எல்லாம் "பாப்போம்லா" என்போம். அப்படிச் சொன்னால் வரமாட்டோம் என்று அர்த்தம். கேட்டவருக்கும் அது தெரியும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அக்கா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

ஆயர் ஈத்தாமில், மலைக்கு நேர் கீழே இருந்த அடுக்குமாடியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி அவர் வீடு. பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளையிலிருந்து பென்சன் வாங்குகிறவர் வரை எல்லாருக்கும் அவர் அக்கா. அவர் கணவர் எல்லாருக்கும் அண்ணே. இருவருக்கும் ஐம்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் ஜோகூரில் வேலை பார்த்தார்கள். அக்கா காலையில் மட்டும் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலைக்குப் போவார். குள்ளமான உருவம், வேகமான நடை, கழுத்தில் எப்போதும் ஒரு குட்டித் துவாலை.

ஒரு தடவை எங்கள் செபக் குழுவில் இருக்கும் ஒரு ஆன்ட்டியோடு ஒரு நோயாளியைப் பார்க்கப் போக, அக்கா காய்கறிப் பாசார் பக்கத்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தார். ஆன்ட்டிக்கு மகன் காரோடு வந்துவிட்டான், மறந்துபோய் ஏறிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. ஆயர் ஈத்தாமில் மழை பிடித்தால் சாலையும் சாக்கடையும் ஒன்றாகிவிடும். நான் வகுப்பு முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கினேன். அக்கா பஸ் ஸ்டாப் பெஞ்சின் மேல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே தண்ணீர் ஓடுகிறது.

"அக்கா, வாங்க போவோம். அவங்க இனிமே வரமாட்டாங்க."

"நிக்கிறேன்னு சொல்லிட்டேனேம்மா."

"போன் பண்ணிப் பாருங்க."

"எடுக்கல. வண்டியில இருப்பாங்க. வந்துகிட்டு இருப்பாங்க."

சாயங்காலம் அந்த ஆன்ட்டிக்கு நினைவு வந்து, ஈரமான முகத்தோடு அக்கா வீட்டுக்கு ஓடிவந்தார். "ஏன்க்கா அப்படி நின்னீங்க? நான் வரலேன்னா நீங்க போயிருக்கலாம்ல?" என்று அவரையே கோபித்துக்கொண்டார். அக்கா அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்து, "சொல்லியாச்சுல்ல" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. இன்றைக்கு மழை என்று சொல்வது மாதிரி. அந்த ஆன்ட்டி அதன் பிறகு ரொம்ப நாள் அக்கா இருக்கும் பக்கமே வரவில்லை. அக்காவோடு பழகுவதில் இருந்த ஒரே கஷ்டம் இதுதான், அவர் நம்மைத் திட்டவே மாட்டார்.

அண்ணே இதை வைத்தே பிழைத்துக்கொண்டிருந்தார். "கல்யாணத்தப்போ கோயில்ல எல்லார் முன்னுக்கும் 'சம்மதம்'னு சொல்லிட்டா. அதான் இன்னும் இருக்கா. அன்னைக்கு இருமியிருந்தா போதும், தப்பிச்சிருப்பா" என்பார். அக்கா துவாலையால் ஒரு போடு போடுவார்.

அந்த வருடத் தவக்காலத்தில் வெயில் கொளுத்தியது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை வெளியே விளையாட விடவில்லை. காலை பசியாறி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் கோயிலுக்கு அப்போதுதான் வயது குறைந்த ஃபாதர் ஒருவர் மாற்றலாகி வந்திருந்தார். தவக்காலத்தில் எல்லாரும் இறைச்சியை விடுவோம். இந்த முறை அதோடு சேர்த்து, பூமியைச் சூடாக்குகிற ஏதாவது ஒன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் விட்டால் என்ன என்று பிரசங்கத்தில் கேட்டார். பூசை முடிந்து மண்டபத்தில் கூட்டம். இளையோர் குழு சார்பில் படம் போட்டுக் காட்டும் பொறுப்பு எனக்கு. உலகத்தையே அன்று மதியத்துக்குள் திருத்திவிடுகிற வேகத்தில் நான் இருந்தேன். பனி உருகுவதைக் காட்டினேன், கடல் ஏறுவதைக் காட்டினேன், பட்டினிக் கரடி ஒன்றையும் காட்டினேன். பின்வரிசையில் இருந்து ஒரு அங்கிள், "பாவம்லா அது. நல்ல வேளை ஆயர் ஈத்தாம்ல பொறக்கல" என்றார். மண்டபமே சிரித்தது. என் உரைக்குக் கிடைத்த பெரிய வரவேற்பு அதுதான்.

பிறகு மைக் கைமாறியது. கூட்டத்தை நடத்தியவர் எங்கள் உபதேசியார். பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுப்பவர், எதையும் வேடிக்கையாக்கிவிடுவார். ஒருவர் ஸ்ட்ரா போட்டுக் குடிக்க மாட்டேன் என்றார். ஒருவர் வெள்ளிக்கிழமை காரை எடுக்க மாட்டேன் என்றார், அவர் வெள்ளிக்கிழமை எங்கேயும் போவதில்லை என்று அவர் மனைவி அங்கேயே போட்டுக் கொடுத்தார். இன்னொருவர் பிளாஸ்டிக் பை, "முடிஞ்ச அளவுக்கு." கரடி அங்கிள் எழுந்து, "ஃபாதர், கம்பெனிக்காரன் விடுற புகைக்கு நாம்ப ஸ்ட்ராவ விட்டு என்னா ஆவப்போவுது? மொதல்ல அவன் நிறுத்தட்டும், பெரிய நாட்டுக்காரன் நிறுத்தட்டும்" என்றார். ஃபாதர், "அவங்களும்தான் நிறுத்தணும் அங்கிள். ஆனா இன்னைக்கு இந்த மண்டபத்துல இருக்கிறது நாம்பதானே" என்றார். அங்கிள் "பாப்போம்லா" என்று உட்கார்ந்தார்.

மைக் அக்காவிடம் வந்தது. வழக்கம்போலத் தலையைச் சாய்த்தார். மண்டபம் காத்திருந்தது.

"எங்க வீட்டுல ஏர்கோன் போட மாட்டோம்."

"ஆ!" என்று ஒரு சத்தம். இந்த வெயிலில் குளிர்காற்று இல்லாமலா! உபதேசியாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எத்தனை நாளைக்குக்கா? ஈஸ்டர் வரைக்குமா? சொல்லுங்க, சொல்லுங்க, எல்லாரும் கேக்குறாங்க!" மைக் வேறு கீச்சென்று கத்தியது. அக்கா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வர அவர் நேரமே கொடுக்கவில்லை. அக்கா யோசிக்காமல் ஒரு பதில் சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இந்த வெயில் குறையிற வரைக்கும்."

கைத்தட்டல் பிய்த்துக்கொண்டு போனது. நானும் தட்டினேன். ஈஸ்டர் முடிந்தால் மழை வரும், வெயில் குறையும், வருடா வருடம் நடப்பதுதானே. தேநீர் மேசைப் பக்கம் நின்ற அண்ணே மட்டும் தட்டவில்லை. ஒரு கையில் வடை, ஒரு கையில் கோப்பை, அதனால்தான் என்று நினைத்தேன்.

கோயில் அறிவிப்புப் பலகையில் அக்காவின் படம் ஏறியது. வேறு பங்குக் கோயிலிலிருந்து வந்தவர்களிடம் எங்கள் ஆட்கள், "எங்க கோயில்ல ஒரு அக்கா ஏர்கோனையே விட்டுட்டாங்க தெரியுமா?" என்று, தாங்களே விட்டமாதிரி சொன்னார்கள். அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு டீச்சர் குடும்பம். அந்த டீச்சர் லிப்டில் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், "எங்களுக்கும் சேத்து நீங்களே போடாம இருந்துடுங்கக்கா" என்று சிரிப்பார். எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள் என்பார்களே, அந்த மாதிரி. யாராவது ஒருவர் செய்தாக வேண்டும் என்பதில் எங்கள் மண்டபத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இருக்கவில்லை. அந்த ஒருவர் கிடைத்துவிட்டார் என்று தெரிந்ததும் மற்றவர்கள் தோள் லேசாகிவிட்டது.

எங்கள் மாடி எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் விஷயம் புரியும். நீளமான ஒரு நடை, வராந்தா மாதிரி. ஒரு பக்கம் வரிசையாக வீடுகள். ஒவ்வொரு கதவுக்கு மேலும் ஏர்கோனின் வெளிப்பெட்டி. உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி அது நடையில் ஊதும். படுக்கை அறை ஜன்னல்களும் நடையைப் பார்த்துத்தான் இருக்கும். இரண்டு பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் ஊதுகிற அனல் அக்கா வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் அடுத்த வீட்டுச் சூடு. காத்தாடி அதையே எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பரிமாறும்.

செபக் கூட்டம் வாரம் ஒரு வீடு. அக்கா வீட்டு முறை வந்தபோது நானும் போனேன். மன்றாட்டு மாலை ரயில் வேகத்தில் ஓடியது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்கிற பதில், புனிதர் பெயரைச் சொல்லி முடிப்பதற்கு முன்பே வந்தது. செப அட்டையை விசிறியாக்கி ஒருவர், பாட்டுப் புத்தகத்தை விசிறியாக்கி ஒருவர். அக்கா எல்லாருக்கும் ஈரத் துவாலை கொடுத்தார், எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தார், வெட்கத்தோடு சிரித்தார். அடுத்த முறை வந்தபோது, "அக்கா வீட்டுல அப்புறம் வச்சிக்குவோம்லா, அவங்களுக்கும் ஏன் சிரமம்" என்று பேசி முடிவானது. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

ஈஸ்டர் வந்தது. ஸ்ட்ராக்கள் திரும்பி வந்தன. பிளாஸ்டிக் பைகள் திரும்பி வந்தன. தவக்காலத்தில் ஏர்கோனை ஒரு மணி நேரம் குறைத்தவர்கள் அதையும் சேர்த்துப் போட்டார்கள், எங்கள் வீட்டையும் சேர்த்துத்தான். அக்கா கதவுக்கு மேல் மட்டும் பெட்டி சும்மா இருந்தது. அதன் மேல் புறா ஒன்று உட்கார ஆரம்பித்திருந்தது.

"ஈஸ்டர் முடிஞ்சிருச்சேக்கா" என்றேன்.

"ஈஸ்டர் வரைக்கும்னு நான் சொல்லலையேம்மா."

ஒரு மத்தியானம் மழை பெய்தது. நல்ல மழை. அண்ணே பனியனும் கைலியுமாக நடைக்கு ஓடிவந்து இரண்டு கையையும் வெளியே நீட்டி, "கொறைஞ்சிருச்சு! எல்லாரும் வந்து பாருங்கலா, கொறைஞ்சிருச்சு!" என்று கூவினார். கதவுகள் திறந்தன, ஆட்கள் சிரித்தார்கள். அக்கா வந்து மழையைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"செவுரு இன்னும் சுடுதே."

"அது சிமெண்டு, அப்படித்தான் சுடும்!"

"போன வருசம் சுடலையே."

அண்ணே கையை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுநாள் மழை பெய்த அடையாளமே இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அக்கா என்னை நடையில் நிறுத்தினார். "நீ படிச்ச புள்ள. இந்த வெயிலு எப்பம்மா கொறையும்?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். மடமடவென்று ஆரம்பித்தேன். நாம் விட்ட புகை எங்கேயும் போகாது, மேலேயே தங்கும், இன்றைக்கே உலகம் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்தினாலும் ஏறின சூடு சட்டென்று இறங்கிவிடாது, மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைக்கு… பாதியில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அப்ப நான் இருக்கிற வரைக்கும் கொறையாதா?"

"அப்படி இல்லக்கா. எல்லாரும் சேந்து செஞ்சா…"

"எல்லாரும்னா?"

நடை முழுவதும் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா கதவு கதவாகக் கடைசி வரை பார்த்தார். பிறகு சிரித்தார். "நான் பெருசா சொல்லிட்டேன் போலிருக்கே அன்னைக்கு" என்று சொல்லிவிட்டு, துவாலையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஒரு வீட்டுக்குள் போனவர், யாரோ வெளியே தாழ்போட்டதை அப்போதுதான் கவனித்தமாதிரி இருந்தது எனக்கு.

அண்ணனுக்கு அக்கரையில், பத்து காவான் என்கிற ஊரில், ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட். சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடல் மேல் அந்த நீளப் பாலத்தைக் கடந்து போவார். காலையில் அதே பாலத்தில் திரும்பி வருவார். பசியாறிவிட்டுப் படுக்க வேண்டும். ஊரே வெந்துகொண்டிருக்கும் நேரம்தான் அவருக்கு இரவு. முதலில் நனைத்த துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்தார். பிறகு ஹாலில், தரையில். பிறகு வீட்டிலேயே இல்லை.

கோயிலில் ஆராதனை அறை ஒன்று உண்டு. சின்னது, அமைதியானது, யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் போய்ச் செபிக்கலாம். நாள் முழுக்க ஏர்கோன் ஓடும். அண்ணே தினமும் மத்தியானம் அங்கே போய் முழங்காலில் இருக்கிறார், கையில் செபமாலை, தலை குனிந்தபடி, மணிக்கணக்கில் அசைவதே இல்லை என்று செய்தி பரவியது. "அக்கா செஞ்ச தியாகம் அண்ணனையே மாத்திடுச்சு பாருங்க" என்று பெண்கள் கண் கலங்கினார்கள். அக்காவுக்கும் உள்ளுக்குள் பெருமைதான். அவருக்குப் பிடித்த கறியாக வைத்துக் கொடுத்தார். ஒரு நாள் அண்ணே முழங்கால் பலகையோடு அப்படியே முன்பக்கம் சரிந்து விழுந்தார். பக்கத்தில் செபித்துக்கொண்டிருந்த ஆன்ட்டி, பரவசம் என்று நினைத்து ஃபாதரைக் கூப்பிட ஓடினார். ஃபாதர் வந்து பார்த்தபோது அண்ணே விழுந்த இடத்திலேயே தூக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

ஊர் சிரித்தது, அக்காவும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அண்ணே வெட்கப்பட்டு அங்கே போவதை விட்டுவிட்டார்.

ஒரு காலை. அம்மா கொடுத்த இட்லியோடு நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அண்ணே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்திருந்தது. அக்கா கிளினிக்குக்குப் போகாமல் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படி ஆச்சுண்ணே?"

"பாலத்துல தூங்கிட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். கை உரசினது பாலத்துத் தடுப்பில் என்றும், பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்திருக்காவிட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கடல்தான் என்றும் அப்பாவிடம் பிறகு சொல்லியிருக்கிறார். அக்காவின் கை நின்றது. மறுபடி துடைக்க ஆரம்பித்தது.

"ஒரு மணி நேரம் போட்டா போதும்" என்றார் அண்ணே மெதுவாக. "கதவச் சாத்திக்கிட்டுப் போட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"மைக்க வாங்கி நானா சொன்னேன்? நீ சொன்ன. உன்னோடத நீ குடு. என் தூக்கத்தையும் ஏன் சேத்துக் குடுத்த?"

அவர் அக்காவிடம் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவரே பயந்துபோன மாதிரி வாயை மூடிக்கொண்டார். அக்கா மருந்தைத் தடவி, துணி சுற்றி, முடிச்சுப் போட்டார். இட்லிப் பாத்திரத்தை வாங்கி வைத்தார். "நீ வகுப்புக்குப் போம்மா" என்றார். அப்புறம் நானிருப்பதை மறந்தவர் மாதிரி, அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலமே என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஃபாதரிடம் போனார். ஃபாதர் எல்லாவற்றையும் கேட்டார். "அக்கா, இன்னொருத்தர் உசுருக்கு ஆபத்துன்னா எந்த நேர்ச்சையும் உங்களக் கட்டாது. நான் சொல்றேன், இன்னைக்கே போடுங்க."

அக்கா தலையைச் சாய்த்தார். ஃபாதர் பாவம், சம்மதம் வரப்போகிறது என்று நினைத்துப் புன்னகையோடு காத்திருந்தார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லியிருந்தா சரி ஃபாதர். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம எல்லார்கிட்டயும் கேட்டுடுவோம்" என்றார் ஃபாதர். எனக்குச் சந்தோஷத்தில் குதிக்கலாம் போலிருந்தது. ஒரே ஞாயிறு, ஒரே கைத்தட்டல், முடிந்தது விஷயம்.

ஞாயிறு. மண்டபம் நன்றாகக் குளிர்ந்திருந்தது. அதே உபதேசியார், அதே மைக். ஃபாதர் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னார், பாலத்தையும் சொன்னார். பெண்கள் "ஐயோ ஆண்டவரே" என்றார்கள். உபதேசியார் சூழ்நிலையை லேசாக்க நினைத்தார். "அப்ப நம்ம அக்காவ ரிலீஸ் பண்ணிடலாமா?"

"பண்ணலாம்!"

"சத்தமா!"

"போதும்க்கா! போடுங்கக்கா!"

"ரெண்டாப் போடுங்க!" என்றார் கரடி அங்கிள். சிரிப்பும் கைத்தட்டலும். அத்தனை முகத்திலும் ஒரு தெளிச்சி. அக்காவுக்காக மட்டும் இல்லை அது. அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போகும்போது இத்தனை மாதமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் இனிமேல் நேராகப் பார்க்கலாம்.

உபதேசியார் மைக்கை அக்காவிடம் கொடுத்தார். அக்கா இந்தத் தடவை தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தத் துணியவில்லை.

"அப்ப வெயில் கொறைஞ்சிருச்சா?"

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நின்றது.

"கிண்டலுக்குக் கேக்கல. எனக்குத் தெரியல, அதான் கேக்குறேன். யாராச்சும் ஒருத்தர் கொறைஞ்சிருச்சுன்னு சொன்னா போதும். நான் போயி அவருக்குப் போட்டு விட்டுடுவேன்."

கெஞ்சுகிற குரல் அது. எங்களிடம் அவர் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. உபதேசியார் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "போதும்" என்று அவ்வளவு சத்தமாகச் சொன்ன டீச்சர் கைப்பையில் எதையோ தேடினார். கரடி அங்கிள் தேநீரை ஊதிக் குடித்தார். நான் எழுந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணனுக்காகச் சொல்லலாம். ஆனால் இதே மண்டபத்தில் படம் போட்டுக் காட்டியவள் நான், எந்த வாயால் சொல்வது? மண்டபத்து ஏர்கோன் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெயில்.

"கொறைஞ்சிருச்சு."

பின்னாலிருந்து அண்ணே. கையில் கட்டு, ஷிஃப்ட் முடிந்து நேராக வந்த சட்டை, கண் இரண்டும் சிவந்திருந்தன.

"நான் சொல்றேன். கொறைஞ்சிருச்சு."

அக்கா அவரையே பார்த்தார். பொய் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும், சொன்னவருக்கும் தெரியும். "சரி" என்றார் அக்கா. அதற்கு விழுந்த கைத்தட்டல் மாதிரி அந்த மண்டபத்தில் நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உபதேசியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் இப்போது பத்து காவானில் புது வீட்டுக்கு மாறிவிட்டோம். ஒவ்வோர் அறைக்கும் ஏர்கோன் மாட்ட இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அக்காவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு அந்த மண்டபம் முதலில் வருவதில்லை. அடுத்த நாள் மத்தியானம்தான் வருகிறது.

வகுப்பு முடிந்து லிப்டிலிருந்து வெளியே வந்தேன். அக்கா கதவுக்கு மேலிருந்த பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகச் சேர்ந்த தூசியையும் புறா இறகையும் அது நடை முழுக்கத் துப்பியிருந்தது. அதற்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், அக்கா. மடியில் ஒரு தட்டு. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அனல் காற்று அவர் உச்சந்தலையில் இறங்கி முடியைக் கலைத்துக்கொண்டிருந்தது. கழுத்துத் துவாலை முழுக்க ஈரம்.

"அக்கா! ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? உள்ள போங்க!"

"அவருக்குத்தான் போட்டேன்."

"அண்ணேதான் கொறைஞ்சிருச்சுன்னு சொன்னாரே!"

"அவரு சொன்னாரு, அவருக்குப் போட்டாச்சு. நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும்லம்மா."

அவருக்கு எதிராகப் பேச எனக்குக் காரணங்கள் இருந்தன, நிறைய. நீங்கள் ஒருவர் வெளியே உட்கார்ந்து என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஆனால் அது கரடி அங்கிள் ஏற்கெனவே கேட்ட கேள்வி.

கதவு திறந்தது. தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணே. குளிர்ந்த காற்று கொஞ்சம் அவரோடு வெளியே வந்து எங்கள் காலைத் தொட்டது.

"நீ உள்ள வா. இல்லேன்னா நான் இங்க வந்து படுக்கிறேன்."

"ஷிஃப்ட்டுக்குப் போவணும்ல? போயித் தூங்குங்க."

"நீ இங்க உக்காந்திருந்தா எனக்குத் தூக்கம் வருமா?"

"வரும். போங்க."

அண்ணே ஒரு காலைக் குளிரிலும் ஒரு காலை அனலிலும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. கட்டுப் போட்ட கையால் முகத்தைத் தேய்த்தார். கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவரால் முடியவில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. ஆழமான, சீரான குறட்டை. அக்காவின் விரல்கள் நெத்திலியில் நின்றன. "தூங்கிட்டாரு" என்றார், மூச்சை மட்டும் விட்டமாதிரி. முகம் அப்படி மலர்ந்து அந்த வருடம் நான் பார்க்கவில்லை. வியர்வை புருவத்திலிருந்து தட்டில் சொட்டியது.

பாசார் பைகளோடு டீச்சர் வந்தார். "என்னக்கா, இந்தச் சூட்டுல!" என்றார். அக்கா காலை ஒடுக்கி வழிவிட்டார். டீச்சர் அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திய கையோடு அவர் வீட்டுப் பெட்டியும் தடதடத்துக் கிளம்பியது. இரண்டு பெட்டிகளின் இரைச்சலில் குறட்டை அமுங்கிப்போனது. அக்கா தட்டைக் கீழே வைத்தார். நாற்காலியைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காதைக் கதவில் வைத்துக்கொண்டார்.